மயிலை விழுங்கிய இயந்திரத்தின் சார்பில்

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பினாங்குப் பெருமக்களுக்கும் வணக்கம். எதிரணித் தம்பி என் நேரத்திலும் கொஞ்சத்தைச் சேர்த்தே பேசிவிட்டதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

‘வீட்டுக்குள் வந்த தானியங்கிகள் குடும்பத்துக்கு வரமா, சுமையா?’ என்பது தலைப்பு. வரம் என்று வாதாட வந்தவன் நான். ஆனால் தம்பி சற்றுமுன் ஒரு கதையைச் சொல்லி இந்த மண்டபத்தின் கைதட்டலை மொத்தமாக வாரிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கதைக்கு ஒரு முடிவு கட்டாமல் நான் தலைப்புக்குள் நுழைந்தால், என் அணித் தலைவர்கூட என்னுடன் வரமாட்டார்.

தாமதமாக வந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் தாயார் தீபாவளிக்கு முதல் நாள் இரவு வெகுநேரம் கண்விழித்து, வரவேற்பறைத் தரையில் வண்ண அரிசியால் தோகை விரித்த மயில் ஒன்றைக் கோலமாகப் போட்டிருக்கிறார். விடியற்காலையில் எல்லாரும் எண்ணெய்க் குளியலுக்கு வரிசையில் நின்றபோது, வீட்டைக் கூட்டும் ரோபோ தன் மூலையிலிருந்து கிளம்பி வந்து, தோகையில் தொடங்கிக் கழுத்துவரை விழுங்கிவிட்டு, திரும்பிப் போய் மின்னேற்றம் செய்துகொண்டு படுத்துவிட்டதாம். மிஞ்சியது கொண்டை மட்டும்தானாம். கதையோடு நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தம்பி, “அம்மா போட்ட கோலம் இயந்திரத்துக்குக் குப்பை, அந்த இயந்திரத்தை வாங்கிவைத்த மகனுக்கு நாளைக்கு அம்மாவே குப்பை” என்று ஒரு போடு போட்டார். நீங்கள் தட்டினீர்கள். பழக்கதோஷத்தால் நானும் தட்டித் தொலைத்தேன்.

நடுவர் அவர்களே, குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ரோபோவுக்குப் பேச வராது. ஆகவே, அதே கதையை அதன் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

முதலில் குலப்பெருமை. ரூம்பா என்ற வீட்டு ரோபோவை ஐரோபோட் நிறுவனம் விற்பனைக்கு விட்டது 2002ஆம் ஆண்டில். அதே ஆண்டில்தான் அந்த நிறுவனத்தின் பேக்பாட் என்ற இன்னொரு ரோபோ, ஆப்கானிஸ்தானில் படைவீரர்களுக்கு முன்னால் குகைகளுக்குள் போய் ஆபத்து உண்டா என்று பார்த்து வந்தது. அண்ணன் குகைக்குள் வெடிகுண்டு தேடியவன்; தம்பி நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் முறுக்குத் துண்டு தேடுகிறவன். எதிரணித் தம்பியின் வீட்டு ரோபோ எந்த நிறுவனத்துப் பிள்ளையாக இருந்தாலும் குலம் இதுதான். இப்படிப்பட்ட பரம்பரை அரிசி மயிலைக் கண்டா அஞ்சப்போகிறது?

அதன் தலையில் ஒரு லேசர் சுழல்கிறது. சுவரிலும் சோபாவிலும் மேசைக்காலிலும் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு வீட்டின் வரைபடத்தை அது தானே வரைந்துகொள்கிறது. அந்த லேசர் தரைக்கு ஒரு சாண் உயரம்கூட இல்லாத இடத்தில், ஆனால் கிடைமட்டமாகச் சுழல்வதால், தரையோடு தரையாகக் கிடக்கும் அரிசி அதன் பார்வையில் படுவதேயில்லை. பார்த்து அழிக்கவில்லை என்பது முதல் தற்காப்பு. அடுத்து, சில வகை ரோபோக்களின் வயிற்றுக்குள், உள்ளே இழுக்கப்படும் துகள்கள் மோதும் அதிர்வை உணரும் சென்சார் ஒன்று உண்டு. துகள்கள் அதிகமாக மோதினால், ‘இந்த இடத்தில் அழுக்கு அதிகம்’ என்று முடிவுசெய்து, அங்கேயே மீண்டும் மீண்டும் சுற்றிவரும். இப்போது நினைத்துப் பாருங்கள். நாள்தோறும் நாலு தலைமுடியும் ஒரு கச்சான் தோலும் மட்டுமே கிடைத்துவந்த வீட்டில், திடீரென்று ஒரு படி அரிசி! அதுவும் பச்சை, நீலம், மஞ்சள் என்று வண்ண வண்ணமாக! தோகையில் ஒரு சுற்று, முதுகில் ஒரு சுற்று, ‘இன்னும் இருக்கிறது, இன்னும் இருக்கிறது’ என்று கழுத்தில் ஒரு சுற்று. அந்த வீட்டில் அன்று உண்மையாகத் தீபாவளி கொண்டாடியது அந்த ரோபோ ஒன்றுதான். கொண்டையை அது இரக்கப்பட்டு விட்டுவைத்தது என்றா நினைக்கிறீர்கள்? தூசித் தொட்டி நிறைந்துவிட்டிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். சாமி அறை வாசல்வரை வந்த ரோபோ உள்ளே நுழையாமல் பின்வாங்கிவிட்டதாம். பாவம் செய்த இயந்திரத்துக்குச் சாமியிடம் பயமாம். அந்த வாசலில் கறுப்பு நிற விரிப்பு கிடக்கிறதா என்று தம்பியை இப்போதே கேளுங்கள். பாருங்கள், தலையை ஆட்டுகிறார். படிக்கட்டில் உருண்டு விழாமல் இருப்பதற்காக ரோபோவின் அடிப்பக்கத்தில் அகச்சிவப்புக் கதிரை அனுப்பும் சென்சார்கள் இருக்கின்றன. தரை இருந்தால் கதிர் திரும்பி வரும். பள்ளம் இருந்தால் வராது. கறுப்பு விரிப்பு கதிரை உறிஞ்சிக்கொண்டுவிட்டால், கீழே அதல பாதாளம் என்று ரோபோ எண்ணிப் பின்வாங்கும். நடந்தது அவ்வளவுதான். பக்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது முறையாக அதே கதையை மகனின் பக்கத்திலிருந்தும் சொல்லிவிடுகிறேன். நடுவர் மணியில் கை வைக்கிறார், சுருக்கிக்கொள்கிறேன். தினமும் காலையில் வீட்டைக் கூட்டு என்று திறன்பேசியின் செயலியில் கட்டளையிட்டவர் தம்பி. அன்று ஒருநாள் வேண்டாம் என்று நிறுத்த மறந்தவரும் தம்பி. அதே செயலியில் வீட்டின் வரைபடத்தைத் திறந்து, விரலால் ஒரு கட்டம் போட்டு, ‘இந்த இடத்துக்குள் போகாதே’ என்று சொல்லிவிடும் வசதி இப்போது பல கருவிகளில் இருக்கிறது. அம்மா விடிய விடிய மயில் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பியின் விரல் திறன்பேசியில் வேறு எதையோ தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறது. சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் செய்த இயந்திரம் குற்றவாளியாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாத மகன் சாட்சியாம்! ரோபோ வருவதற்கு முன்பு நம் வீடுகளில் கோலங்கள் பத்திரமாகவா இருந்தன? ஒவ்வொரு தீபாவளிக்கும் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு வரும் ஒரு சித்தப்பா அதை மிதித்துக்கொண்டேதான் உள்ளே வருவார். அவரை யாரும் சுமை என்று பட்டிமன்றம் வைத்ததில்லை.

எதிரணிச் சகோதரி, இந்தக் கருவிகள் வீட்டை வேவு பார்க்கின்றன என்றார். பொய்யில்லை. ஐரோபோட்டின் சோதனைக் கருவிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்த செய்தி 2022ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. கேமரா இல்லாத, லேசர் மட்டும் உள்ள கருவியை வாங்குங்கள் என்பதற்கு மேல் அதற்கு நான் மறுமொழி சொல்லப்போவதில்லை. என் மனம் அங்கே இல்லை. ‘அம்மாவே குப்பை’ என்ற அந்தச் சொல்லில்தான் அது இன்னும் நிற்கிறது.

தம்பி, பினாங்கில் நின்றுகொண்டா இதைச் சொன்னீர்கள்? துன் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்தபோது, 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தடையற்ற தொழில் வட்டாரம் திறக்கப்பட்டது. இன்டெல் உட்பட முதலில் வந்த மின்னணு நிறுவனங்களின் வரிசைகளில் வெள்ளை அங்கி அணிந்து உட்கார்ந்தவர்கள் யார்? மலாய்க்காரப் பெண்களும் சீனப் பெண்களும் அவர்களோடு நம் வீட்டுப் பெண்களும்தான். என் தாயார் அவர்களில் ஒருவர். பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனார். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லின் மீது வைத்து, மறுமுனையை அதன் காலில் இணைக்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அடுத்தது. இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்தால், கண் எரிச்சலோடு மாவாட்டவும் துணி துவைக்கவும் வீடு கூட்டவும் வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுத் தானியங்கி என் தாயார்தான். அதற்கு மட்டும் மின்னேற்றம் செய்ய யாரும் மூலை ஒதுக்கவில்லை.

இன்று அவருக்கு மூட்டுவலி, பார்வையும் மங்கிவிட்டது. நள்ளிரவில் அவர் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால், அசைவை உணர்ந்து குளியலறைவரை தரையோரமாக விளக்குகள் எரிகின்றன. காற்றாடியைப் போடத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவர் அதட்டுகிறார்; அது இரண்டாவது அதட்டலில் கேட்கிறது. நாங்கள் முதல் நாள் இதையெல்லாம் பொருத்தியபோது, “எனக்கு எதற்கடா இந்தப் பகட்டு?” என்று கோபித்துக்கொண்டார். ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரரிடம், “இராத்திரியில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை, எனக்கு அது போதும்” என்று சொன்னதை என் காதால் கேட்டேன். பிள்ளைகளை எழுப்ப வேண்டுமே என்று எத்தனை இரவுகள் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாரோ, அதை எங்களிடம் அவர் சொன்னதேயில்லை.

எங்கள் வீட்டு ரோபோ கூட்டுகிற நேரத்தில் நான் அவர் காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். அப்போதுதான் ஃபெர்ரி கதைகளும், லைனில் பாட்டுப் பாடி மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கிய கதைகளும் வருகின்றன. அந்தச் சில்லுகளைச் செய்து செய்து தேய்ந்த விரல்களுக்கு, சில்லு வைத்த ஒரு கருவி ஊழியம் செய்யக் கூடாதா, நடுவர் அவர்களே? தாயைக் குப்பையாக நினைக்கிற மகன் துடைப்பம் மட்டுமே இருந்த காலத்திலும் இருந்தான். அவனை உண்டாக்கிய பழியை இயந்திரத்தின் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. மூன்றாவது வரிசையில் என் தாயாரும், ‘போதும், இறங்கு’ என்று கையைக் காட்டுகிறார். அந்தக் கட்டளையை மீறும் துணிவு எனக்கு இல்லை. நன்றி, வணக்கம்.