ஊருணிக் கணக்கில் மேட்டுப்புஞ்சையும் சேரட்டும்

(காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊருணிக்கரையில் கூடிய ஊர்க்கூட்டத்தில் பேசியது)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம்.

ஊருணிக்கு வரும் பணத்தில் ஒரு பங்கை மேட்டுப்புஞ்சைக்கும் ஒதுக்கச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால், இந்தப் பாட்டிலைப் பாருங்கள். மேட்டுப்புஞ்சையிலிருந்து மழையோடு, நம் நீர்நிலைகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் இறங்கிய தண்ணீர். மணல் உடனே அடியில் தங்கிவிட்டது, அதன்மேல் வண்டல். மேலே இன்னும் சிவப்பாகக் கலங்கி நிற்கிறதே, அதுதான் களி. இன்னும் சில நாள் ஆனாலும் முழுசாகத் தெளியாது. போட்ட எருவின் சத்தில் ஒரு பங்கு அந்தக் களியோடு ஒட்டிக்கொண்டு போகிறது. மழை நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, சரளையை நமக்கு விட்டுவிட்டுப் போகிறது. நம் பக்கம் மேல்மண்ணே மெலிசு; கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல் தட்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இந்தத் தண்ணீரில் இருக்கலாம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், ஏறக்குறைய 20 கிலோ. மொத்தமாக வீசிவிட்டு மறுநாள் மழை கொட்டினால், பாதிகூடப் பயிருக்குச் சேராது. ஒரு பங்கு காற்றோடு போகும், ஒரு பங்கு நைட்ரேட்டாகிக் கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ஆச்சிமார்கள் தேற்றாங்கொட்டை தேய்த்துக் கலங்கலைத் தெளிய வைத்தீர்கள். நைட்ரேட் அதற்கு மசியாது. காய்ச்சினாலும் போகாது. வரும் வழியிலேயே நிறுத்தினால்தான் உண்டு.

சரி, கண்மாயைத் தூர்வாரினால் போதாதா என்று கேட்கிறார்கள். வாருங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? அந்த வண்டலை வயலுக்கே திருப்பிக் கொண்டுவந்து அடிப்பது நம் பழைய வழக்கம்தான். ஆனால் மேட்டில் மண்ணைக் கட்டாமல் பள்ளத்தில் வாரிக்கொண்டே இருந்தால் வேலை என்றைக்கு முடியும்?

மேட்டில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சரிவுக்குக் குறுக்கே கோடை உழவு. சமமட்ட வரப்பு, வரப்பில் வெட்டிவேர். மழைக்கு முன்னால் பசுந்தாள் உரமாகக் கொளுஞ்சியோ சணப்போ விதைத்து மடக்கி உழுதால் தரையும் மூடியிருக்கும், யூரியாவும் குறையும். மண் பரிசோதனை பார்த்து, யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். மேகம் திரண்டு நிற்கும்போது மூட்டையை அவிழ்க்காதீர்கள்.

வரப்பை உயர்த்தினால் கண்மாய்க்குத் தண்ணீர் வராது என்று கீழ் ஆயக்கட்டுக்காரர்களுக்கு ஒரு பயம். நியாயமான பயம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தானே நம் பிழைப்பு? அதனால்தான் வரப்பு தாழ்வாக இருக்க வேண்டும், தாழ்ந்த மூலையில் கல் அடுக்கிய வழிவாய் வேண்டும் என்கிறேன். மிஞ்சிய தண்ணீர் வேகம் குறைந்து, மண்ணை விட்டுவிட்டு இறங்கும்.

இப்போது மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கல்லுக்கும் கூலிக்கும் செலவு மேட்டுக்காரருக்கு. தெளிந்த தண்ணீர் கீழே இருக்கிற நமக்கு. குத்தகைக்கு உழுகிறவர், அடுத்த வருசம் அந்த நிலம் கையில் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாமல், எதை நம்பி வரப்புக்குக் காசு போடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊருணி வெட்டிப் படித்துறை கட்டிய நகரத்தார் முன்னோர், தண்ணீர் வரும் வழியையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். கூரையில் விழுந்த மழை வீட்டு நடுமுற்றமான வளவில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும்படி தெருவையே அமைத்த ஊர்கள் இவை. சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வரும் உறவுகள் ஊருணிக்கென்று தரும் பணத்தில் ஒரு பங்கு, வரத்துப் பாதையில் உள்ள புஞ்சைகளுக்கும் போகட்டும். வழிவாய்க் கல்லுக்கு, பசுந்தாள் விதைக்கு, கூலிக்கு. நிலத்துக்காரர்கள் குத்தகையை மூன்று வருசத்துக்காவது எழுதிக் கொடுக்கட்டும்.

ஆடி உழவுக்கு முன்னால் கல் வந்து இறங்க வேண்டும். எந்தெந்தப் புஞ்சை வரத்துக்காலில் சேர்கிறது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் மடை பார்க்கும் ஐயாவுக்குத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல, இன்றைக்கே பட்டியலை எழுதிவிடுவோம்.