கும்மிருட்டுல வவ்வாலுக்கு வழி காட்டுறது ஞாபகம்தான்

பெரியவங்களுக்கும் தாய்மாருக்கும் வணக்கம். வவ்வாலுக்குக் கண்ணு தெரியாதுன்னு நம்ம பக்கம் சொல்லுவாக, அது தப்புங்க, நல்லாவே தெரியும், ஆனா குகைக்குள்ள வெளிச்சமே இல்லாதப்ப கண்ணை வச்சுக்கிட்டு என்ன செய்ய? 1938ல அமெரிக்காவுல டொனால்ட் கிரிஃபினும் பியர்ஸும், நம்ம காதுக்கு எட்டாத சத்தத்தை அதுக போடுறதைக் கண்டுபிடிச்சாங்க. அந்த எதிரொலியை வச்சுப் பறக்குது, இம்புட்டும் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்பீக.

நான் சொல்ல வந்தது அதுக்கு மேல உள்ளது. பழகின எடத்துல வவ்வால் சத்தம் போட்டுக்கிட்டேதான் போகும், எதிரொலியும் திரும்பி வரும், ஆனா அதைப் பெருசா காதுல வாங்காது, பாதை மொத்தமும் மனப்பாடம். கரன்ட் போனா நம்ம வீட்டுல அடுப்படிக்குத் தடவாம போறோம்ல, யாராவது ஸ்டூலை நகத்தி வச்சிருந்தா முழங்கால் பேந்துரும், அந்தக் கதைதான். புதுசா ஒரு தடுப்பு வச்சா, கண்டுபிடிக்கிற திறமை இருந்தும் நேரா போய் முட்டிரும். கிரிஃபின் இதுக்கு ஆண்ட்ரியா டோரியான்னே பேரு வச்சாரு. ரேடார் இருந்தும் 1956ல இன்னொரு கப்பலோட மோதி மூழ்குன கப்பல் அது.

இன்னொண்ணு கேளுங்க. நம்ம பக்கம் பழைய மண்டபத்துல, குகையில தொங்குமே, தவளை பிடிச்சுத் திங்கிற பெரிய காது வவ்வால், அதை வச்சு நாய்வைலரும் மோரஸும் 1967ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. கம்பித் தடுப்புல ஒரே ஒரு சந்து வழியா போகப் பழக்குனாங்க, அப்புறம் கம்பியை எடுத்துட்டாங்க. வழி முழுக்கத் திறந்து கெடக்கு, ஆனாலும் அது பழைய சந்து இருந்த எடத்துலதான் போச்சு! எனக்கு இதைப் படிச்சப்ப உடம்பே சிலிர்த்துச்சு. அதே நாய்வைலர் பின்னாடி நம்ம காமராசர் பல்கலைக்கழகத்து மாரிமுத்து சாரோட சேந்து இதே வவ்வாலை ஆராய்ச்சி பண்ணுனாரு, மதுரைக்காரங்க இதுக்குப் பெருமைப்படணும்.

அதனாலதான் கேக்குறேன், மண்டப வாசல்லயும் பாழுங்கிணத்து மேலயும் ஒரே ராத்திரியில வலை அடிக்காதீங்க. சாயங்காலம் வெளிய போன தாய் நேரா வந்து அதுல மோதும், குட்டி உள்ள கெடந்து சாகும். அடைச்சே ஆகணும்னா குட்டி இல்லாத காலமா பாத்து, விவரம் தெரிஞ்சவங்களை வச்சு, எல்லாம் வெளிய போயிருச்சான்னு பாத்துட்டு அடைங்க.