கணவருக்கு வேலை இல்லாத மாதங்கள்: அடகுக்கடைக்குப் போக முன்

[திரையில்: லயன் வீட்டு மேசை. அதில் ஒரு சம்பளத் துண்டு, ஒரு அடகுச் சீட்டு, ஒரு சி.ஆர். கொப்பி.]

வணக்கம். கொழும்பில் கடையிலோ, நுவரெலியாவில் ஹோட்டலிலோ, கட்டட வேலையிலோ இருந்த கணவர் வேலை போய் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த மாதம் வேறு வேலை கிடைக்கும் என்று நினைத்தது நான்கு மாதம், ஆறு மாதம் என்று இழுக்கிறது. வீட்டுக்கு வருவது மனைவி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து வாங்கும் சம்பளம் மட்டும். அப்படி ஒரு வீட்டுக்காகத்தான் இந்த வீடியோ.

வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் காப்புறுதி இலங்கையில் இல்லை. அதனால் இரண்டாம் மாதமே தோடும் சங்கிலியும் டவுனுக்கு இறங்கிவிடுகின்றன. மூன்றாம் மாதம் குழு லோன், அதாவது குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று வாங்கும் கடன். அதற்கு முன்னால் ஒரு இடத்தைப் பார்க்கவேண்டும்: அவர் விட்டுவந்த வேலையிடம். அவருடைய சொந்தக் காசு அங்கே கிடக்கலாம். வட்டி இல்லாத காசு அது. கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

[திரையில்: நான்கு வரிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் – மிச்சச் சம்பளம், ஈ.டி.எஃப்., சேவைக்காலப் பணம், ஈ.பி.எஃப்.]

வேலை செய்த நாளுக்குரிய மிச்சச் சம்பளத்தைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்ற மூன்றையும்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஈ.டி.எஃப். என்பது ஊழியர் நம்பிக்கை நிதி. சம்பளத்தில் 3 வீதத்தை முதலாளி தன் கையிலிருந்து கட்டவேண்டும். வேலையை விட்டதும், வயது எதுவானாலும், இதை எடுக்கலாம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான் எடுக்கமுடியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, அப்படி அல்ல. தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டும் இந்தக் காசு, பொதுவாக ஆணுக்கு 55 வயதிலும் பெண்ணுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். பத்து வருடம் கட்டி, கணக்கில் குறைந்தது 3 லட்சம் இருந்தால் 30 வீதத்தை முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. ஆனால் அது வீட்டுத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் மட்டும். ‘வேலை இல்லை, சாப்பாட்டுக்குக் கஷ்டம்’ என்று எழுதிக் கொடுத்தால் கிடைக்காது. எடுத்துத் தருகிறேன் என்று தரகர் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சேவைக்காலப் பணத்தை கிராஜுவிட்டி என்றும் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு இது உரியது. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். தானாக விலகியிருந்தாலும் உண்டு. முதலாளி 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். பிந்தினால் மேலதிகமாகச் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு வருட வேலை, கடைசிச் சம்பளம் ஓவர்டைம் சேராமல் 60,000. சேவைக்காலப் பணம் 30,000 பெருக்கல் 6, அதாவது 1,80,000. ஈ.டி.எஃப். மாதம் 1,800. சம்பளம் ஆறு வருடமும் அதேயாக இருந்திருந்தால் 1,29,600, அதற்கு மேல் வட்டி. இரண்டும் சேர்ந்து மூன்று லட்சத்தைத் தாண்டுகிறது. இதைக் கேட்காமல் ஏன் தாலிக்கொடியைக் கழற்றவேண்டும்?

கடை சிறியது, ஆறு பேர்தான் வேலை என்றால் சேவைக்காலப் பணச் சட்டம் நேராகப் பொருந்தாது. ஆனால் ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். இரண்டும் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்டவேண்டியவை. கட்டவில்லை என்றால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம்.

எங்கே தவறுகிறது? இரண்டு இடத்தில்.

முதலாவது, கையெழுத்து. ‘கணக்கு முடிக்கிறோம், இதில் சைன் வையுங்க’ என்று ஒரு தாளை நீட்டுவார்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அது ராஜினாமாக் கடிதமாக இருந்தால், பிறகு ‘என்னை நிறுத்தினார்கள்’ என்று வழக்குப் பேசுவது மிகவும் கஷ்டமாகிவிடும். வாசித்துச் சொல்ல ஆள் இல்லாமல் வைக்காதீர்கள். குறைந்தது போனில் ஒரு படமாவது எடுங்கள். நியாயமில்லாமல் நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். ‘ஐயா திரும்பக் கூப்பிடுவார்’ என்று காத்திருந்தே அந்த ஆறு மாதம் போய்விடுகிறது.

இரண்டாவது, பெயர். மலையகத்தில் இது பெரிய தொல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று, ஈ.பி.எஃப். கணக்கில் சிங்களத்தில் கேட்டு எழுதிய மூன்றாவது எழுத்து. அப்பா பெயர் முன்னும் பின்னும் மாறியிருக்கும். விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான். படிவம் நிரப்ப முன்பே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்துச் சேர்த்துக் கொடுங்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தில் கணக்குத் திறந்திருந்தால் அந்த இலக்கத்தையும் எழுதுங்கள்.

[திரையில்: சம்பளத் துண்டு, கிட்டத்தில். கழிவுகளின் மேல் விரல் நகர்கிறது.]

இனி மனைவியின் சம்பளம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது: அடிப்படை 1,550, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200. ஆனால் 1,750ஐ 25ஆல் பெருக்கி வீட்டுக் கணக்கைத் தொடங்கவேண்டாம். கையில் கிடைப்பது அது அல்ல. துண்டை எடுத்துக் கழிவுகளைப் பாருங்கள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத் தவணை, தேயிலைத் தூள். கிலோ குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாட்களையும் எண்ணுங்கள். கடைசி மூன்று துண்டுகளில் எது ஆகக் குறைவோ, அதுதான் உங்கள் மாத வருமானம். கூட வருவது கடனுக்கு.

கொழுந்து வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. ஹட்டன், தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் கொழுந்து காய்ந்துவிடும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்றும் வறட்சியும். எந்த லோன் தவணைக்கும் சம்மதிக்க முன், இந்த மாதங்களின் சம்பளத்தில் அதைக் கட்டமுடியுமா என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதத்துக் கொழுந்தை நம்பி வாங்கிய தவணைதான் பெப்ரவரியில் கழுத்தைப் பிடிக்கிறது.

கொப்பியில் மூன்று பத்திகள் போதும். நிற்கக்கூடாதவை: அரிசி, கோதுமை மா, பருப்பு, பிள்ளைகளின் பஸ், மருந்து, கரண்ட். தள்ளிப்போடக்கூடியவை: டி.வி. இணைப்பு, கல்யாண மொய், திருவிழா வரி. மூன்றாவது கடன்.

கரண்டில் ஒரு விஷயம். வீட்டுப் பாவனை மாதம் 60 யுனிட்டைத் தாண்டினால் கட்டண முறையே மாறும். முதல் யுனிட்டுகளுக்கும் கூடிய விலை விழும். 1,500 வொட் கேத்தலை ஒரு தடவை பத்து நிமிடம் போட்டால் கால் யுனிட். பகல் முழுக்க வீட்டில் ஆள் இருப்பதால் பிளேன்டீக்கு நாலு தடவை போட்டால் நாளுக்கு ஒரு யுனிட், மாதம் 30. காலையில் ரொட்டி சுடும் அடுப்பிலேயே தண்ணீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றினால் அந்த 30 யுனிட்டும் மிச்சம்.

[திரையில்: அடகுச் சீட்டு, கிட்டத்தில். திகதி வட்டமிடப்படுகிறது.]

இத்தனைக்குப் பிறகும் காசு போதாவிட்டால், கடன்தான். எல்லாக் கடனும் ஒன்றல்ல.

நகை இருந்தால் வங்கி அடகு ஒப்பீட்டளவில் பாதுகாப்பு. ஆனால் எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். சங்கிலி ஒரு சீட்டு, தோடு ஒரு சீட்டு, மோதிரம் ஒரு சீட்டு. அப்போதுதான் கையில் கொஞ்சம் காசு வரும்போது ஒன்றையாவது மீட்கலாம். ‘பவுனுக்கு இவ்வளவு தரலாம்’ என்று சொன்னாலும் தேவையானதை மட்டும் வாங்குங்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்றால் ஒரு லட்சத்துக்கு வருடம் 18,000. வட்டியை அவ்வப்போது கட்டலாமா என்று அங்கேயே கேளுங்கள். ஏலத்துக்கு முன் கடிதம் அனுப்புவார்கள். நம் கடிதங்களோ தோட்ட ஒபிஸுக்குப் போய், அங்கிருந்து யாராவது எடுத்துவந்தால்தான் உண்டு. கடிதத்தை நம்பாதீர்கள். தவணை முடியும் திகதியைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டம் போடுங்கள்.

குழு லோனில் ‘மாதம் இரண்டு வீதம்தான்’ என்பார்கள். 50,000 வாங்கி 12 மாதம் கட்டினால் வட்டி 12,000, தவணை ஏறத்தாழ 5,167. கேட்க 24 வீதம் போல இருக்கும். ஆனால் முதல் மாதமே வாங்கிய கடனில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். பதினோராவது மாதம் கையில் பத்தாயிரம்கூட இல்லாதபோதும் முழு 50,000க்கும் வட்டி கட்டுகிறீர்கள். குறையும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு ஏறத்தாழ 42 வீதம். அதோடு, கையெழுத்து உங்களுடையது. தவணை தவறினால் பக்கத்து லயத்து அக்காவும் சேர்ந்து கட்டவேண்டும். கூடப் பிறந்தவர் போல இருந்தவர்கள் முகம் பார்க்காமல் போவது இங்கேதான். வருமானம் வரும் தொழிலுக்கு வாங்கலாம், அரிசிக்கும் பருப்புக்கும் வாங்கவேண்டாம். ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன் எடுப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

கைவட்டி மாதம் நூற்றுக்குப் பத்து என்றால், 20,000க்கு வருடத்தில் 24,000 கட்டியபின்னும் அந்த 20,000 அப்படியே நிற்கும்.

கடைக் கடனுக்கு ஒரு வழி சொல்கிறோம். கடைக்காரர் கூப்பிட முன் நீங்களே போங்கள். ‘அண்ணே, அவருக்கு வேலை இல்ல. பழைய கணக்குல மாசம் ரெண்டாயிரம் தாறேன், புதுசா வாங்குறத காசுக்கே வாங்குறேன்’ என்று சொல்லி, கொப்பியில் எழுதவையுங்கள். ஒளிந்து மாற்றுப் பாதையில் போவதைவிட இது நடக்கும்.

அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவின் பட்டியலில் இல்லாதவர்கள், அல்லது முன்பு கணவரின் சம்பளத்தைக் காட்டிக் குறைந்த பிரிவில் விழுந்தவர்கள், விண்ணப்பமோ மேன்முறையீடோ திறக்கும் நேரத்தைக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு வையுங்கள்.

[திரையில்: மாலை. மலையிலிருந்து கூடையோடு இறங்கும் பெண். வாசலில் நிற்கும் ஆண்.]

இனி, கணக்குக் கொப்பியில் எழுதமுடியாத பகுதி. மலை இறங்கி, அட்டை கடித்த காலோடு வந்து, வாசலில் நிற்கும் கணவரைப் பார்த்ததும் வாயில் வருவது ‘இன்னைக்கும் ஒன்னும் கெடைக்கலயா?’ அவருக்குக் கேட்பது வேறு. தினமும் கேட்டால் அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டார், சந்தியில் இருப்பார். சந்தியில் என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்கவேண்டியதை ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். கொப்பியைத் திறந்து இருவரும் பாருங்கள்: யாரிடம் வேலை கேட்டோம், என்ன சொன்னார்கள், இந்த வாரம் எங்கே போவது. மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சு வேண்டாம்.

கணவருக்கும் சொல்லவேண்டியது இருக்கிறது. மனைவி காலையில் பெரட்டுக் களத்துக்கு, அதாவது தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிறார். விறகு, தண்ணீர், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, இரவுச் சமையல், இவை இப்போது உங்கள் வேலை. ரொட்டி தட்டுவதால் ஆம்பிளைத்தனம் குறையாது. அவர் வந்து உட்கார்ந்ததும் கையில் ஒரு தேத்தண்ணி கொடுத்துப் பாருங்கள்.

சம்பளம் விழும் வங்கி அட்டை உழைக்கிறவர் கையிலேயே இருக்கட்டும். மனைவியின் சம்பளத்தைக் கணவர் போய் வாங்கும் பழக்கம் தோட்டத்தில் நீண்டகாலம் இருந்தது. கஷ்ட காலத்தில் அது சண்டைக்கே வழி. பஸ் காசு, போன் காசு என்று வாரத்துக்கு ஒரு தொகையை ஞாயிற்றுக்கிழமையே அவரிடம் கொடுத்துவிடுங்கள். தினமும் கைநீட்டிக் கேட்கவைக்காதீர்கள்.

தூக்கமில்லை, சாப்பிடுவதில்லை, ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வந்தால், வேலைக்காகக் காத்திருக்காமல் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம். மனைவியைக் கை நீட்டி அடித்தால் 1938, பெண்களுக்கான உதவி இலக்கம்.

வேலை தேடும்போது: மேசன், வயரிங், பெயின்ட் வேலை பல வருடம் செய்து சான்றிதழ் இல்லாதவர், நைட்டா என்ற அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனத்தில் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. முழுப் பாடநெறி படிக்கவேண்டியதில்லை. சேவைக் கடிதங்களையும் செய்த வேலையின் படங்களையும் சேர்த்து வையுங்கள். இடையில் கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலி கிடைத்தால் போகலாம். வேலை இல்லாத நிலையில் லீசிங்கில் ஆட்டோ எடுப்பது எங்கள் பார்வையில் வேண்டாம். ஹயர் இல்லாத நாளிலும் தவணை நிற்காது. வெளிநாடு என்றால், காசு கொடுக்க முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து முகவரின் அனுமதிப்பத்திரத்தை உறுதிசெய்யுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

[திரையில்: பயணப் பை, பஸ் டிக்கட்.]

வேலை கிடைத்த மாதத்துக்கும் காசு வேண்டும். 10ஆம் திகதி சேர்ந்தால் முழுச் சம்பளம் வர அடுத்த மாத முடிவாகும். அதுவரை பஸ் காசு, தங்குமிட அட்வான்ஸ், சாப்பாடு, ஒரு சோடி சப்பாத்து. பலர் அந்த இரண்டாம் வாரத்தில்தான் கையில் காசில்லாமல் திரும்பி வருகிறார்கள். ஈ.டி.எஃப். வந்தால் அதில் 25,000 ரூபாயைத் தொடாமல் இதற்கென்றே தனியாக வையுங்கள். முதல் சம்பளம் வந்ததும் ஆகக் கூடிய வட்டிக் கடனைத்தான் முதலில் அடைக்கவேண்டும்: கைவட்டி, பிறகு குழு லோன், பிறகு சீட்டுச் சீட்டாக நகை. கலண்டரில் போட்ட வட்டம் நெருங்கிவிட்ட சீட்டு மட்டும் இந்த வரிசையை மீறி முன்னால் வரலாம்.