உள்ளே இழுப்பதில் இல்லை சிக்கல்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதாவது சிஓபிடி உள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு மட்டும் வருவதில்லை இது. விறகடுப்புப் புகையில் பல வருடம் சமைத்த பெண்களுக்கும் வருகிறது.

மூச்சு வாங்கினால் எல்லோரும் இன்னும் இன்னும் காற்றை உள்ளே இழுக்கப் பார்ப்பார்கள். இந்த நோயில் சிக்கலே வெளியே விடுவதில்தான். மூச்சுக்குழாய்கள் குறுகி, விடும்போது பாதியிலேயே மூடிக்கொள்வதால் பழைய காற்று உள்ளே தேங்கிவிடுகிறது. அப்புறம் புதுக் காற்றுக்கு இடமேது?

அதனால் முதலில் உதடு குவித்து மூச்சு விடப் பழக்குவோம். தோள்களைத் தளர்த்தி, வாயை மூடி, இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து, நாலு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். முக்கி ஊத வேண்டாம். குவித்த உதட்டால் உண்டாகும் எதிரழுத்தம் குழாய்களைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். குடத்தைத் தூக்கும்போதும் மூச்சை அடக்காதீர்கள். தூக்கும் அந்த நொடியில் விடுங்கள். அப்படியும் வாங்கினால், உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

மருந்துக் கடையில் மூச்சை இழுத்துப் பழக மூன்று பந்து வைத்த கருவி விற்கிறார்கள். அது பெரும்பாலும் அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கொடுப்பது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாங்காதீர்கள். கபாலபாதி மாதிரி வேகமான பிராணாயாமத்தையும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சரி, மூச்சுப் பயிற்சி மட்டும் போதுமா? போதாது. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைத்தால் கால் தசை வலுவிழக்கும். வலுவிழந்த கால் அதே தூரத்துக்கு முன்பைவிட அதிக மூச்சு கேட்கும். "நெஞ்சைக் காட்ட வந்தா காலுக்கு வேலை தர்றீங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியின் உயிர்நாடியே அந்தக் கால் வேலைதான். வாரம் 2, 3 முறை, குறைந்தது 6 வாரம், பெரும்பாலும் 8 வாரமாவது நடக்கும். தொடக்கத்திலும் முடிவிலும் 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று அளப்போம். நுரையீரல் திறனை அறியக் கருவியின் குழாயில் ஊதிப் பார்க்கும் பரிசோதனையின் எண் பெரிதாக மாறாது, ஆனால் பலருக்கு நடக்கும் தூரம் கூடும்.

வீட்டிலும் நடக்கலாம். டாக்டர் சொல்லியிருந்தால் இன்ஹேலரை முன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். லேசாக மூச்சு வாங்கினாலும் பேச முடிந்தால் தொடரலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வணக்கம்.