ஆண்டவர் ஆள் அனுப்பித்தான் காக்கிறார்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆண்டவர் தம் பிள்ளைகளைப் பெரிதும் காப்பது அற்புதங்களாலா, மனிதர்களாலா என்பது இன்றைய தலைப்பு. மனிதர்களால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இஸ்ரவேலருக்கு வழிவிட்டுப் பிளந்த செங்கடலைக் காட்டினார், தூதன் வந்து விடுவித்த பேதுருவின் சிறைக்கதவைக் காட்டினார். இரண்டையும் நானும் விசுவாசிக்கிறேன். ஆனால், ஐயா, செங்கடலுக்கு நேராகக் கை நீட்ட ஒரு மோசே உயிரோடு இருக்க வேண்டுமே! ராஜா சொன்னாலும் பிள்ளைகளைக் கொல்லமாட்டோம் என்று நின்ற சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகள். மூன்று மாதம் ஒளித்து வைத்த தாய். நதியோரம் காத்து நின்ற அக்காள். பெட்டியில் அழுத பிள்ளையைப் பார்த்து மனமிரங்கிய பார்வோன் மகள். இத்தனை பெண்கள் கை கொடுத்துத்தான் அந்தப் பிள்ளை பிழைத்தது. அதற்கு 80 வருஷம் கழித்துத்தான் கடல் பிளந்தது. பேதுருவுக்கும் தூதன் ஒரு தெரு வரைக்கும்தான் துணைக்கு வந்தான். அப்புறம் பேதுரு போய்த் தட்டியது, ஜனங்கள் கூடி ஜெபித்துக்கொண்டிருந்த, மாற்கின் தாய் மரியாளின் வீட்டுக் கதவை.

சரி, எரேமியா தீர்க்கதரிசியிடம் வருகிறேன். உன்னைக் காக்க நான் உன்னோடு இருக்கிறேன் என்று சிறுவயதிலேயே வாக்குப் பெற்றவர். அவரைத் தண்ணீரில்லாத துரவில், அதாவது கிணறு போன்ற குழியில், பிரபுக்கள் கயிறு கட்டி இறக்கிவிட்டார்கள். உள்ளே உளைச் சேறு, அதில் அமிழ்ந்தார். சிதேக்கியா ராஜாவே பிரபுக்களுக்குப் பயந்து, உங்களுக்கு எதிராக என்னால் ஒன்றும் முடியாது என்று கைவிரித்துவிட்டான். அப்போது வந்தது தூதனா? அரண்மனையில் வேலை பார்த்த எபெத்மெலேக்கு என்ற எத்தியோப்பியன். பென்யமீன் வாசலில் உட்கார்ந்திருந்த ராஜாவிடம் நேரே போய், அந்த மனுஷர் பட்டினியால் செத்துப்போவார் என்று பேசினான். 30 பேரைக் கூட்டிக்கொண்டு போக உத்தரவு வாங்கினான்.

அடுத்து அவன் செய்ததைப் பாருங்கள். நேரே துரவுக்கு ஓடவில்லை. பொக்கிஷ அறையின் கீழே போய்க் கிழிந்த பழந்துணிகளைப் பொறுக்கினான். அவற்றைக் கயிற்றில் இறக்கி, அக்குளில் வைத்து அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொள்ளும் என்றான். பட்டினியில் மெலிந்த உடம்பைக் கயிறு அறுத்துவிடக் கூடாதே என்ற கரிசனை! அந்தத் துணிகளையும் எழுதி வைத்திருக்கிறது வேதம். எனக்கு ஆண்டவருடைய பாதுகாப்பு இவ்வளவு கிட்டத்தில் தெரிகிற இடம் வேறில்லை.

எருசலேமில் காவலில் இருந்த அப்போஸ்தலன் பவுலுக்கும் அதேதான். ராத்திரி கர்த்தர் பக்கத்தில் நின்று திடன்கொள் என்றார். விடிந்ததும் 40 பேருக்கு மேல் அவரைக் கொல்லச் சபதம் போட்டார்கள். அதைக் கேட்டு ஓடிவந்து சொன்னது அவருடைய சகோதரியின் மகன், ஒரு வாலிபப் பையன்.

வேதகாலத்தோடு இது முடிந்துவிடவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது மீனவர்கள் கடல் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மலப்புரத்தில் ஒரு மீனவர் தண்ணீரில் மண்டியிட்டுக் குனிந்தார்; பெண்கள் அவர் முதுகில் கால்வைத்துப் படகில் ஏறினார்கள். அன்று எத்தனை வீடுகளின் மொட்டைமாடியில் ஜெபம் ஏறெடுக்கப்பட்டிருக்கும்! பதில் படகில் வந்தது.

ஆள் வராத இடமும் உண்டே என்று எதிரணி கேட்கும். உண்டு, அது என்னையும் வதைக்கிற கேள்வி. ஆனால் யூதரை அழிக்கக் கட்டளை பிறந்தபோது, ராணி எஸ்தரிடம் அவளை வளர்த்த மொர்தெகாய் என்ன சொன்னான்? நீ மவுனமாயிருந்தால் உதவி வேறொரு இடத்திலிருந்து எழும்பும் என்றான். அழைக்கப்பட்டவர் மறுக்கவும் முடியும் என்பது அதிலேயே இருக்கிறது. ஆள் வராத இடத்தில், போகாமல் இருந்துவிட்டவர்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

மனிதன் செய்தால் ஆண்டவருக்கு அதில் என்ன பங்கு என்றும் கேட்டார்கள். எரேமியா 39-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். எருசலேம் விழப்போகிற நேரத்தில் கர்த்தர் எபெத்மெலேக்குக்கென்று தனியாகச் செய்தி அனுப்பி, நீ என்னை நம்பினாய், ஆகையால் உன்னைத் தப்புவிப்பேன் என்கிறார். ராஜாவுக்கே இல்லாத துணிச்சல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கர்த்தரே சொல்லிவிட்டார், நடுவர் ஐயா. அந்தச் செய்தியை அவனிடம் கொண்டுபோகச் சொன்னதும் ஒரு மனிதரிடம்தான், அவன் தூக்கிவிட்ட அதே எரேமியாவிடம். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். நன்றி.