ஓர் அரிசியில் எத்தனை எழுத்து அடங்கும்?

[காட்சி: சாவிக்கொத்தில் தொங்கும் சிறு கண்ணாடிக் குப்பி. உள்ளே ஓர் அரிசி. அரிசியில் ஒரு பெயர்.]

பொருட்காட்சியிலோ கடற்கரைக் கடையிலோ இந்தக் குப்பியைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவரின் கைத்திறனை மெச்சுவதற்கு முன் குப்பிக்கு உரிய பங்கைக் கொடுத்துவிடுவோம்.

உருளை வடிவக் கண்ணாடிக்குள் எண்ணெய் நிரப்பினால் அதுவே ஒரு லென்ஸ் ஆகிவிடுகிறது. நடுவில் கிடக்கும் அரிசி சுமார் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: அரிசி பருக்கும், நீளாது. எழுத்தின் உயரம் கூடும், அகலம் அப்படியே இருக்கும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் என்ன? இட்லிக்கு ஊறவைப்பவர்களைக் கேளுங்கள். இரண்டாம் நாளே மூடியைத் திறக்க முடியாது.

[காட்சி: குப்பிக்கு வெளியே, வெறும் அரிசி, பக்கத்தில் அளவுகோல்.]

இது பாஸ்மதி. நீளம் சுமார் 7 மில்லிமீட்டர், அகலம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் நெடுக்காக மெல்லிய வரப்புகள் ஓடுகின்றன. பேனாவில் மை சற்றுக் கூடினால் வாய்க்கால் கண்ட தண்ணீர்போல அந்தப் பள்ளத்தில் ஓடிவிடும். வெள்ளைத் திட்டு உள்ள அரிசியும் உதவாது. அங்கே மை ஊறிப் பரவும். அதனால் முதல் வேலை, தட்டில் பரப்பி நல்ல மணியாகப் பொறுக்குவது. கல் பொறுக்கிய கைகளுக்கு இது புதிதல்ல.

பொறுக்கிய அரிசியைக் களிமண்ணில் பாதி புதைத்து அசையாமல் நிறுத்துகிறார்கள். பேனாவின் முனை 0.1 மில்லிமீட்டர், பொறியியல் வரைபடம் வரையும் வகை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஆங்கில 'ஐ' எழுத்துக்கு ஒரே கோடு போதும். நம் 'ண' அப்படி விடாது. அதன் சுழிகளுக்கும் கால்களுக்கும் ஐந்து கோடாவது வேண்டும். கோடுகள் ஒட்டிக்கொள்ளாதபடி இடைவெளியும் வேண்டும். ஆக, ஓர் எழுத்துக்கே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மெய்யெழுத்தின் புள்ளியோ அரிசி வளைந்து இறங்கும் விளிம்பில் போய் விழும். 'கண்ணன்' தாராளமாக உட்காருவான். 'கண்ணம்மா' கொஞ்சம் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இனிஷியல் மட்டும் கேட்காதீர்கள்.

[காட்சி: மேசையில் ஊன்றிய இரு கைகள்.]

இந்த வேலையில் தொல்லை கொடுப்பது கண்ணைவிடக் கைதான். கண்ணுக்கு உருப்பெருக்கி இருக்கிறது. கைக்கு என்ன இருக்கிறது? நல்ல ஆரோக்கியமான கையும் நொடிக்கு 8 முதல் 12 முறை நடுங்கிக்கொண்டேதான் இருக்கும். தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போது அது தெரியாது, அரிசியில் தெரிந்துவிடும். ஆகவே முழங்கையும் மணிக்கட்டும் மேசையில் ஊன்றியிருக்க, விரல் நுனி மட்டும் நகர வேண்டும். மூச்சை விட்டு, அடுத்த மூச்சை இழுக்கும் முன் கிடைக்கும் அந்த இடைவெளியில் ஒரு கோடு. பிறகு மூச்சு. பிறகு அடுத்த கோடு.

அரிசியைவிடச் சிறியதில் இறங்கியவர்களுக்கு மூச்சோடு தொல்லை முடியவில்லை, நாடித்துடிப்பும் சேர்ந்துகொண்டது. 1931இல் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்த ஆர்மீனிய வயலின் கலைஞர் ஹாகோப் சந்தல்ஜியான், ஊசியின் காதுக்குள் உருவங்களை நிறுத்தினார். ஓர் இதயத்துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில்தான் அவர் கை அசைந்தது. வில்லின் நுனிவரை கையை ஆளப் பழகியவர் இதற்கு வந்தது எனக்கு வியப்பாக இல்லை.

இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லார்ட் விகனும் துடிப்புகளுக்கு நடுவில் செதுக்குபவர்தான். ஒருமுறை ஆலிஸ் என்ற கதைச் சிறுமியின் உருவத்தைச் செய்து முடித்து, ஊசியில் வைக்கப் போனார். மூச்சை இழுத்தார். ஆலிஸ் மூக்குக்குள் போய்விட்டாள். திரும்பக் கிடைக்கவில்லை, இன்னோர் ஆலிஸைச் செய்தார்.

[காட்சி: களிமண்ணில் நிற்கும் அரிசி. பேனா இறங்குகிறது. ஒலி இல்லை.]