கடல் கடந்தும் காலம் கடந்தும் வந்த கைமாறு

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

உலகத்து விநோதங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். விநோதம் என்றதும் பலருக்கு உலகிலேயே உயரமான மனிதர், மிக நீளமான நகம், இரண்டு தலைப் பாம்பு என்று நினைவுக்கு வரும். அவற்றைப் பார்த்துச் சில நொடிகள் வாய் பிளப்போம், அப்புறம் மறந்துவிடுவோம். நான் வெகுகாலமாகத் தேடித் தேடிச் சேர்த்து வைப்பது வேறு வகை. எங்கோ ஒருவர், முன்பின் அறியாத இன்னொருவருக்கு ஓர் உதவி செய்கிறார். நூறு வருடம் கழித்து, வேறொரு கண்டத்தில், அவர் முகம்கூடத் தெரியாதவர்கள் அதற்குக் கைமாறு செய்கிறார்கள். மனிதர்களின் ஞாபகம் இத்தனை தலைமுறை தாங்குமா என்பதுதான் எனக்குப் பெரிய விநோதமாகப் படுகிறது. அப்படிச் சிலவற்றை இன்று சொல்கிறேன். எல்லாமே நடந்தவை. ஊர், ஆண்டு சொல்லியே பேசுகிறேன்.

முதலில் அமெரிக்கப் பூர்வகுடிகளான சாக்டா மக்கள். மிசிசிப்பிப் பகுதியில் வாழ்ந்தவர்கள். 1830இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, பூர்வகுடிகளை மேற்கே அனுப்ப முடிவு செய்தது. 1831இல் சாக்டாக்கள்தான் முதலில் கிளப்பப்பட்டார்கள். கடும் குளிரில், போதிய உணவும் துணியும் இல்லாமல், இன்றைய ஓக்லஹோமா வரை போக வேண்டியிருந்தது. குளிரிலும் பசியிலும் நோயிலும் வழியிலேயே ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அந்தப் பயணத்துக்குக் 'கண்ணீர்த் தடம்' என்றே பெயர்.

போய்ச் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. இழந்ததை இன்னும் மீட்டெடுக்காத மக்கள். 1847 மார்ச் மாதம் அவர்கள் காதுக்கு ஒரு செய்தி வருகிறது: அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் அயர்லாந்து என்று ஒரு நாடு, அங்கே உருளைக்கிழங்குப் பயிர் நோய் தாக்கி அழுகிவிட்டது, மக்கள் பட்டினியால் சாகிறார்கள். 1845இலிருந்து 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் நாட்டைவிட்டே போனார்கள். சாக்டாக்கள் ஓர் அயர்லாந்துக்காரரைக் கண்ணால் பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் பசியோடு நடப்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடிப் பேசி, இருப்பதைப் போட்டு, 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள்.

இந்தத் தொகையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 710 டாலர் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். எங்கோ எண்கள் இடம் மாறி அச்சாகி, அதுவே பரவிவிட்டது. 170 என்றால் கதையின் பெருமை குறைந்துவிடுமா என்ன? என்னைக் கேட்டால் கூடத்தான் செய்கிறது. நல்ல செய்தியைப் பகிரும்போது அதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிச் சொல்லும் பழக்கம் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அப்படி ஊதிய ஒன்று பொய் என்று பிடிபடும் நாளில், கேட்டவர்கள் உண்மையான நல்ல செய்தியையும் நம்ப மறுக்கிறார்கள். அதனால்தான் யார், எங்கே, எப்போது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பகிருங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

அயர்லாந்து அந்த 170 டாலரை மறக்கவில்லை. கார்க் மாவட்டத்தில் மிடில்டன் என்ற ஊரில் ஒன்பது எஃகு இறகுகள் வட்டமாக நிற்கின்றன. கழுகின் இறகுகள், ஒவ்வொன்றும் இருபது அடி உயரம். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், யாருக்கோ நீட்டிய உணவுக் கிண்ணம் போலத் தெரியும். 2017இல் அதன் திறப்பு விழாவுக்குச் சாக்டாத் தலைவரே போயிருந்தார். அடுத்த ஆண்டு, சாக்டா மாணவர்கள் அயர்லாந்தில் படிக்க உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. 2020இல் கொரோனா வந்தபோது, அமெரிக்காவில் நவஹோ, ஹோப்பி என்ற பூர்வகுடி மக்கள் மிகவும் தவித்தார்கள். அவர்களுக்காகத் திரட்டிய நிதியில் திடீரென்று அயர்லாந்துப் பெயர்களாக வந்து குவிந்தன. பணத்தோடு சிலர் எழுதிய குறிப்புகளில் 1847ஐ நினைவுகூர்ந்திருந்தார்கள். கவனியுங்கள், அன்று கொடுத்தவர்கள் சாக்டாக்கள். இன்று பெற்றவர்கள் வேறு மக்கள். கொடுத்தவரின் வாசலுக்கே போய்த்தான் கடனைத் தீர்க்க வேண்டும் என்று அயர்லாந்துக்காரர்கள் நினைக்கவில்லை. 173 வருடம் கழித்தும் அந்த மனசு வற்றாமல் இருந்திருக்கிறது.

அடுத்தது ஜப்பானுக்கும் துருக்கிக்கும் நடுவே நடந்தது. 1890இல் எர்துக்ருல் என்ற உதுமானியத் துருக்கிப் போர்க்கப்பல் நல்லெண்ணப் பயணமாக ஜப்பான் போயிருந்தது. திரும்பும் வழியில், செப்டம்பர் 16ஆம் தேதி இரவு, சூறாவளியில் சிக்கி வகாயாமா மாகாணத்தின் கடலோரப் பாறைகளில் மோதி உடைந்தது. 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 69 பேர் பிழைத்தார்கள்.

காயத்தோடு பாறையில் ஏறி வந்தவர்களைக் கண்டெடுத்தவர்கள் ஓஷிமா என்ற சின்னத் தீவின் ஏழை மீனவர்கள். வந்தவர்கள் பேசும் மொழி அவர்களுக்குப் புரியாது. எந்த நாட்டினர் என்றும் தெரியாது. நடுங்கியவர்களைத் தங்கள் உடம்போடு அணைத்துச் சூடேற்றினார்கள். தங்களுக்கென்று வைத்திருந்த உணவையும் உடையையும் கொடுத்தார்கள். பிழைத்தவர்களை இரண்டு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தன.

இப்போது 1985க்கு வாருங்கள். ஈரான்–ஈராக் போர். 48 மணி நேரத்துக்குப் பிறகு ஈரான் வானில் பறக்கும் எந்த விமானத்தையும் சுட்டு வீழ்த்துவோம் என்று சதாம் ஹுசைன் அறிவித்தார். டெஹ்ரானில் இருந்த வெளிநாட்டவர் எல்லாம் தங்கள் நாட்டு விமானத்தைத் தேடி ஓடினார்கள். ஜப்பானியர்களுக்கு மட்டும் விமானம் வரவில்லை. பாதுகாப்புக்கு உறுதி இல்லாததால் ஜப்பானிலிருந்து அனுப்ப முடியவில்லை. கெடு முடியும் நேரம் நெருங்கியது. அந்தச் சமயத்தில் வந்தன இரண்டு துருக்கிய விமானங்கள். இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானியர்கள் அவற்றில் ஏறித் தப்பினார்கள்.

அதே டெஹ்ரானில் துருக்கியர்களும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்கள் சாலை வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள்! தன் மக்களைத் தரைவழியே வரச் சொல்லிவிட்டு, அடுத்த நாட்டவருக்கு விமான இருக்கையைக் கொடுப்பது சாதாரண முடிவில்லை. ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டவர்களுக்குத் துருக்கியர்கள் சொன்ன காரணம் எர்துக்ருல். 95 வருடத்துக்கு முந்தைய ஒரு புயல் இரவு. அந்த ஜப்பானியக் கடற்கரையில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னத்தையும் ஒரு துருக்கிய அருங்காட்சியகத்தையும் குஷிமோட்டோ நகர மக்கள் இன்றும் பராமரித்து வருகிறார்கள்.

கனடாவின் கிழக்குக் கரையிலும் இப்படி இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று ஹாலிஃபாக்ஸ். 1917 டிசம்பர் 6 அன்று வெடிமருந்து ஏற்றிய கப்பல் துறைமுகத்தில் வெடித்து, சுமார் 2,000 பேர் இறந்தார்கள். வின்ஸ் கோல்மன் என்ற தந்தி ஊழியர், ஓடித் தப்பாமல் உட்கார்ந்து, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தபடியே உயிர்விட்டார். அன்றிரவே அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து மருத்துவர்களோடும் மருந்துகளோடும் நிவாரண ரயில் புறப்பட்டது. அதற்கு நன்றியாக 1971 முதல் ஆண்டுதோறும் நோவா ஸ்கோஷியா மாகாணம் பாஸ்டனுக்குப் பெரிய கிறிஸ்துமஸ் மரம் ஒன்றை அனுப்புகிறது. இன்னொன்று கேண்டர். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்க வான்வெளி மூடப்பட்டதும் 38 விமானங்கள் அங்கே இறக்கப்பட்டன. பத்தாயிரம் பேர் வாழும் ஊருக்குள் ஒரே நாளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அந்நியர்கள். வேலைநிறுத்தத்தில் இருந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், போராட்டத்தை விட்டுவிட்டு வண்டியை எடுத்தார்கள். எனக்கு இந்த ஓட்டுநர்களை ரொம்பப் பிடிக்கும்.

சரி, மனிதர்களுக்குள் மட்டும்தான் இந்தக் கொடுக்கல் வாங்கலா? மொசாம்பிக்கின் நியாஸ்ஸா காடுகளில் தேன்காட்டி என்று ஒரு சிறு பறவை இருக்கிறது. அதற்குத் தேன்மெழுகு வேண்டும். ஆனால் தேனீக் கூட்டை அதனால் உடைக்க முடியாது. மனிதனால் உடைக்க முடியும். ஆனால் கூடு எந்த மரத்தில் என்று தெரியாது. யாவோ மக்கள் 'ப்ர்ர்ர்‌' என்று நாக்கை உருட்டி 'ஹ்ம்' என்று முடிக்கும் ஓர் ஒலி எழுப்புவார்கள். பறவை வந்து, கிளை கிளையாகத் தாவிக் கூப்பிட்டபடி, கூடு இருக்கும் இடத்துக்குக் கூட்டிப் போகும். 2016இல் வெளியான ஆய்வில், அந்தத் தனி ஒலியை எழுப்பியபோது தேன்கூடு கிடைக்கும் வாய்ப்பு 16 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக உயர்ந்தது தெரியவந்தது. தேனை எடுத்துக்கொண்டு மெழுகைப் பறவைக்கு வைத்துவிட்டு வருவார்கள். வைக்காமல் போனால் அடுத்த முறை அது சிங்கத்திடம் கூட்டிப் போய்விடும் என்று ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் சொல்வார்கள். இத்தனைக்கும் அது பழக்கிய பறவை இல்லை, காட்டுப் பறவை. இன்னொரு பறவையின் கூட்டில் பொரிந்து வளர்வதால், பெற்றோரிடமிருந்து இதைக் கற்றிருக்கவும் முடியாது. தான்சானியாவில் ஹாட்சா மக்கள் வேறு மாதிரி விசில் அடிக்கிறார்கள்; அங்குள்ள பறவைகள் அந்த விசிலுக்குத்தான் அதிகம் வருகின்றன.

இனிச் சொல்லப்போவது மனதைக் கனக்க வைக்கும். ஆனாலும் விடமாட்டேன். சோவியத் ரஷ்யாவின் லெனின்கிராடில், அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், நிக்கோலாய் வவிலோவ் என்ற தாவரவியலாளர் உலகெங்கும் அலைந்து திரட்டிய பயிர் விதைகளின் களஞ்சியம் இருந்தது. எந்த நாட்டிலும் பஞ்சம் வரக்கூடாது என்பது அவர் கனவு. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரை வளைத்தது. முற்றுகை 1944 ஜனவரி வரை நீடித்தது. முதல் குளிர்காலத்தில் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம்தான். களஞ்சியத்தின் ஊழியர்கள் நெல்லுக்கும் கோதுமைக்கும் நிலக்கடலைக்கும் நடுவே உட்கார்ந்து பட்டினி கிடந்தார்கள். நெல் விதைகளுக்குப் பொறுப்பாளரான திமித்ரி இவானோவ் பசியால் இறந்தார். சுற்றிலும் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் இருந்தன. நிலக்கடலைத் துறையின் ஷ்சுகின் தன் மேசையிலேயே இறந்தார். வவிலோவோ ஸ்டாலின் அரசின் கைதியாக 1943இல் சரதோவ் சிறையில் மடிந்தார். பிறக்காத தலைமுறைக்குச் சோறு மிச்சம் வைத்தவர்களுக்கு நாம் எப்படிக் கைமாறு செய்வது, எனக்கு விடை தெரியவில்லை.

ஆனால் அந்த வேலை தொடர்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், பனிமலைக்குள் 2008இல் உலக விதைப் பெட்டகம் திறக்கப்பட்டது. சிரியாவின் அலெப்போ அருகே வறண்ட நிலப் பயிர்களுக்காக இயங்கிய விதை வங்கி, போரால் கைவிட்டுப் போனது. அங்கிருந்த ஆய்வாளர்கள் முன்னதாகவே விதைகளின் பிரதிகளை ஸ்வால்பார்டுக்கு அனுப்பியிருந்தார்கள். 2015இல் அவற்றைத் திரும்ப எடுத்து, மொராக்கோவிலும் லெபனானிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் பெட்டகத்துக்கே மறுபடி செலுத்தினார்கள்.

கடைசியாக ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன். பதினான்கு வயதில் மார்பில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. யார் யாரோ தந்த ரத்தத்தில் பிழைத்த பையன், வயது வந்ததும் நானும் கொடுப்பேன் என்று முடிவு செய்தான். 1954இல் தொடங்கினார். ஊசி என்றால் அவருக்கு ஆகாது. குத்தும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கடைசி வரை அப்படித்தான்.

அவருடைய ரத்தத்தில் ஆன்டி-டி என்ற எதிர்ப்பொருள் மிக அதிகம் என்று பிற்பாடு மருத்துவர்கள் கண்டார்கள். தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆர்எச் பாசிட்டிவ் என்றால், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை அந்நியமாக நினைத்துப் போராடத் தயாராகும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும்; அடுத்த குழந்தையின் ரத்த அணுக்கள் அழியும், கருவிலேயே இறந்தும் போகலாம். ஆன்டி-டி ஊசியை உரிய நேரத்தில் தாய்க்குப் போட்டால் அந்தப் போராட்டமே தொடங்காது. 1967 முதல் ஹாரிசனின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, இந்த ஊசிக்குப் போனது. அவருடைய சொந்த மகளுக்கும் இந்த ஊசி தேவைப்பட்டது. 2018இல், விதி அனுமதித்த 81 வயதை எட்டும் வரை, 1,173 முறை கொடுத்தார். 24 லட்சம் குழந்தைகளுக்கு அது உதவியதாக ஆஸ்திரேலிய ரத்த தான அமைப்பு கணக்குச் சொல்கிறது. 2025 பிப்ரவரியில், 88 வயதில், தூக்கத்திலேயே காலமானார்.

அவரைப் போன்ற ஆன்டி-டி கொடையாளர்கள் ஆஸ்திரேலியாவில் இருநூறு பேர்கூட இல்லை. ஆண்டுக்குச் சுமார் 45,000 தாய்மார்களுக்கு அவர்கள்தான் துணை. ஹாரிசனின் ரத்த அணுக்களிலிருந்து இந்த எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே உருவாக்கும் முயற்சியும் அங்கே நடக்கிறது. இந்த அரங்கில் இருப்பவர்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பெண்களுக்கு, ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் என்றால், கருவுற்றதும் மருத்துவரிடம் ஆன்டி-டி ஊசி பற்றி மறக்காமல் கேளுங்கள். கரு கலைந்தால்கூட அந்த ஊசி தேவைப்படலாம், அதையும் கேளுங்கள். தன் ரத்த வகை என்னவென்று தெரியாதவர்கள் இந்த வாரமே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.